புருஷன் கையெழுத்துப் போடும் இடம்

வக்கீல் ஆபீஸ் கிராணி வேலை, அதாவது குமாஸ்தா வேலை என்பது அடுத்தவர் வீட்டுச் சண்டையை மூன்று பிரதி எடுத்து, முத்திரை குத்தி, கோப்பில் போட்டு அடுக்குகிற வேலை. குவாலா சிலாங்கூரில் ஒரு ரொட்டி சானாய் கடைக்கு மேல் மாடியில் இருபத்தாறு வருஷம் அதைத்தான் செய்தேன். எங்கள் வக்கீல் ஒரு பெண். ஊருக்கெல்லாம் அவர் ‘மிஸ்’, நான் ‘கிராணியம்மா’. போன வருஷம் மிஸ் ஷா ஆலமுக்கு மாறிப் போனார், நான் வீட்டோடு வந்துவிட்டேன். இப்போதெல்லாம் காலையில் யாரும் என் முன்னால் உட்கார்ந்து அழுவதில்லை. சொன்னால் சிரிப்பீர்கள், அது எனக்குப் பெரிய குறையாக இருக்கிறது.

கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து இடுப்பு ஒடிந்தவர்களே, விண்ணப்பப் பாரம் நிரப்பி நொந்தவர்களே, உங்களுக்குத்தான் இதெல்லாம் புரியும். கீழே இருப்பதில் பெரும்பங்கு பாக்கியம் என்ற பெண்ணைப் பற்றியது. இனிமேல் பிள்ளை வேண்டாம் என்று தன் உடம்புக்குத் தானே முடிவு கட்ட அவள் பட்ட பாட்டைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். அதற்கு முன்னால் இரண்டு பழைய கதை.

ரெஜிஸ்டர் ஆச்சு, கல்யாணம் ஆகலை

நம் ஆட்களுக்குக் கல்யாணம் இரண்டு தடவை நடக்கும். முதலில் பதிவிலாகாவில் கையெழுத்து. பிறகு கோயிலிலோ மண்டபத்திலோ தாலி. இரண்டுக்கும் நடுவே ஒரு வருஷம்கூட ஓடிவிடும். சட்டம் கையெழுத்துப் போட்ட அன்றே அவளை மனைவி என்று எழுதிக்கொள்ளும். நமக்கோ தாலி ஏறும்வரை அவள் வெறும் ‘ரெஜிஸ்டர் பண்ண பொண்ணு’, அம்மா வீட்டில்தான் இருப்பாள். நடுவில் இரண்டு குடும்பமும் முறைத்துக்கொண்டால் தட்டைத் திருப்பி அனுப்பிவிட்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி வேறு இடம் பார்க்கக் கிளம்பிவிடுவார்கள்.

அப்படி ஓர் அம்மா, மகளுக்குப் பார்த்த இரண்டாவது மாப்பிள்ளையின் பத்திரிகையோடு மாடி ஏறி வந்தார். முதல் பதிவை ‘கேன்சல்’ செய்ய வேண்டுமாம். அதற்கு விவாகரத்து வாங்க வேண்டும், பதிந்து இரண்டு வருஷம் ஆகாமல் சாதாரணமாக மனுப் போடவும் முடியாது என்று மிஸ் பொறுமையாகச் சொன்னார். அந்த அம்மாவுக்கு வந்த கோபத்தில் என் மேசை ஆடியது. கடைசியில் மிஸ்ஸை விட்டுவிட்டு என் பக்கம் குனிந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

“கல்யாணமே ஆகாத பொண்ணுக்கு எப்படிலா டைவர்ஸ்? மண்டபம் புக் பண்ணியாச்சு கிராணியம்மா, நீங்களாச்சும் ரப்பர் வச்சு அழிச்சு விடுங்களேன்.”

செல்லுமா, செல்லாதா

இது நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நடந்தது. சபாக்கிலிருந்து ஒரு தையல்காரப் பெண் வந்தாள். புருஷன் எங்கே போனான் என்றே தெரியாது. மகன் பள்ளிக்கூடப் பந்து விளையாட்டுக் குழுவோடு கடல் தாண்டி மேடானுக்குப் போக வேண்டும், பாஸ்போர்ட், அதாவது கடப்பிதழ் பாரத்தில் தகப்பன் கையெழுத்து வேண்டும். அந்தக் காலத்தில் பிள்ளைக்குச் சட்டப்படி காப்பாளர் தகப்பன்தான். பெற்று வளர்த்தவள் எதிரில் நிற்கிறாள், ஆனால் அவள் கையெழுத்து செல்லாது. நாங்கள் கடிதம் கடிதமாக எழுதியும் ஆள் அகப்படவில்லை. பையனை விட்டுவிட்டுக் குழு போய்விட்டது. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

கொஞ்ச காலம் கழித்துச் சட்டத்தை மாற்றினார்கள். தாய்க்கும் தகப்பனுக்கும் சம உரிமை என்றார்கள். ஒரு நாள் அதே பெண் பஸ் ஏறி வந்து, மகன் பெயரில் எடுத்த புத்தம்புதுக் கடப்பிதழை என் மேசையில் வைத்தாள். எந்த ஊருக்குப் போகிறீர்கள் என்று ஆசையாகக் கேட்டேன்.

“எங்கேயும் போகலை கிராணியம்மா. என் கையெழுத்து செல்லுதான்னு பார்த்தேன்.”

பாக்கியம் வந்த நாள்

பாக்கியம் ஆற்றுக்கு அந்தப் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்தாள். புருஷன் செல்வம் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுபவன். தோட்டக் கோயிலில் தாலி கட்டிப் பதின்மூன்று வருஷம், மூன்று பெண் பிள்ளைகள், மூன்றும் ஆபரேஷன். பதிவு மட்டும் கிடையாது. கேட்கும்போதெல்லாம் “அப்புறம் பார்க்கலாம்லா” என்றே பதின்மூன்று வருஷத்தை ஓட்டியிருக்கிறான். மூத்தவளுக்குப் பன்னிரண்டு வயது, அடையாள அட்டை, ஐசி எடுக்கப் போனபோது பிறப்புச் சான்றிதழை வாங்கிப் படித்திருக்கிறாள். தகப்பன் பெயர் வர வேண்டிய இடத்தில் ‘விவரம் கிடைக்கவில்லை’ என்று மலாயில் அச்சாகியிருந்தது. நான் அப்பாவுக்குப் பிறக்கலையா என்று கேட்டு, இரண்டு நாள் சாப்பிடவில்லையாம்.

பாக்கியம் அப்போது நாலாவதைச் சுமந்துகொண்டிருந்தாள், இரண்டு மாதம். இது பிறப்பதற்குள் பதிந்துவிட வேண்டும் என்று வந்தாள். நாங்கள் பதிவிலாகாவுக்கு எழுதிக் கேட்டோம். செல்வத்துக்கு ஏற்கெனவே ஒரு பெண்ணோடு பதிவாகியிருக்கிறது என்று பதில் வந்தது. பதினைந்து வருஷத்துக்கு முன்னால் ரவாங் பக்கம் ஒரு சம்பந்தம், பதிவு முடிந்து தாலிக்கு முன் சண்டை, தட்டு திரும்பிவிட்டது. விவாகரத்து என்று ஒன்று வேண்டும் என்பதே யாருக்கும் தோன்றவில்லை. மிஸ் இதை அவளிடம் விளக்கிச் சொன்னார். பாக்கியம் அழுவாள் என்று தண்ணீர் எடுத்து வைத்தேன். அவள் தண்ணீரைக் குடித்துவிட்டு நிதானமாகக் கேட்டாள்:

“அப்போ தாலி கட்டாதவ பொண்டாட்டி, மூணு பெத்தவ யாரோ. அப்படித்தானே மிஸ்?”

ரவாங் பெண்

சட்டப்படி மனைவியான அந்தப் பெண்ணை ரவாங் பக்கத்துச் சுங்கை சோவில் கண்டுபிடித்தோம். தொழிற்சாலை ஆபீஸில் கணக்கு வேலை. மிரட்டலாக எதையாவது சொல்வாள் என்று பயந்துகொண்டேதான் போன் செய்தேன். அவள் மறுநாளே லீவு போட்டுவிட்டு வந்து நின்றாள். அவளுக்கும் கூட வேலை பார்க்கும் ஒருவரோடு கல்யாணம் என்று பேசி மூன்று வருஷம் ஆகியிருந்தது. பதிய முடியாமல், வீட்டில் சொல்லவும் முடியாமல் அவளும் இழுத்தடித்துக்கொண்டு இருந்திருக்கிறாள். இருவர் சம்மதத்தோடு கூட்டு மனு போட்டோம். தீர்ப்பு வந்து, அது உறுதியாக மேலும் மூன்று மாதம் ஆகும் என்றார் மிஸ். கையெழுத்துப் போட்டுவிட்டு அவள் கோப்பில் இருந்த செல்வத்தின் படத்தைப் பார்த்தாள்.

“ஃபிஃப்டீன் இயர்ஸ் என் ஹஸ்பண்டா இருந்திருக்காரு. ஒரு டீ கூட வாங்கிக் குடுத்ததில்லைலா.”

பையன் வேண்டும்

அஞ்சாம் மாதம் பாக்கியத்தை கிளினிக்கிலிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். இது நாலாவது ஆபரேஷன், இன்னொன்று வந்தால் கர்ப்பப்பை தாங்காது, உயிருக்கே ஆபத்து, இந்தத் தடவையே குழாயைக் கட்டிவிடலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பாக்கியத்துக்கு முழுச் சம்மதம். பாரத்தில் அவள் கையெழுத்துக்கு ஒரு கோடு, கீழே புருஷன் கையெழுத்துக்கு இன்னொரு கோடு. செல்வம் போட மாட்டேன் என்றான். சட்டம் அப்படிக் கேட்கிறதா என்று மிஸ்ஸிடம் கேட்டேன். “சட்டத்துல எங்கேயும் இல்லைங்க, பழக்கத்துல இருக்கு” என்றார். சட்டத்தோடு வாதாடலாம், பழக்கத்தோடு யார் வாதாடுவது?

விவாகரத்து விஷயமாக வந்த செல்வத்தை மிஸ் உட்கார வைத்துப் பேசினார். அவன் கெட்டவன் இல்லை. குடிக்க மாட்டான், கை நீட்ட மாட்டான், பெண் பிள்ளைகள் மேல் உயிர். ஆனால் அவன் அம்மா கோயிலில் பூப்போட்டுக் கேட்டு, அடுத்தடுத்து இரண்டு பையன் என்று வந்திருக்கிறதாம். டாக்டர் சொன்னதை மிஸ் இரண்டு தடவை சொன்னார். தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டே கேட்டான், பிறகு எழுந்து சொன்னான்:

“டாக்டருங்க அப்படித்தான் பயமுறுத்துவாங்க மிஸ். எங்கம்மா ஒன்பது பெத்தாங்க, நல்லாத்தானே இருக்காங்க.”

மூன்று வாரம்

எட்டாம் மாதம் விவாகரத்து உறுதியானது. நான் சந்தோஷத்தில் அலுவலகத்துக்கே கேக் வாங்கி வைத்தேன். உடனே பதிவுக்கு எழுதிக் கொடுத்தால் பெயர்கள் மூன்று வாரம் பதிவிலாகா அறிவிப்புப் பலகையில் இருக்கும், அதற்குப் பிறகு பதியலாம், ஆபரேஷன் தேதிக்கு முன்னால் முடிந்துவிடும். பிள்ளை பிறக்கும்போது சான்றிதழில் தகப்பன் பெயர் தானாக ஏறிவிடும். பாக்கியம் எதற்காக முதல் நாள் படியேறி வந்தாளோ அது கைக்கு எட்டிவிட்டது. பாரத்தை எடுத்து அவள் பெயரைக்கூட எழுதிவிட்டேன்.

அவள் பேனாவைத் தொடவில்லை. “பதிஞ்சுட்டா நான் சட்டப்படி அவரு பொண்டாட்டி. அப்போ ஆஸ்பத்திரியில அவரு கையெழுத்து கேட்பாங்க. பதியலைன்னா?” என்றாள். மிஸ் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். பதியாவிட்டால் அவள் மணமாகாதவள், அவள் கையெழுத்து மட்டும்தான். ஆனால் நாலாவது பிள்ளையின் சான்றிதழிலும் அந்த இடம் காலியாகிவிடலாம், அப்பன்காரன் கூடவே போய்க் கையெழுத்துப் போட்டால்தான் உண்டு. மூத்தவள் சாப்பிடாமல் கிடந்த இரண்டு நாளை நினைத்திருப்பாள், கண் கலங்கிவிட்டது. இப்படி யோசிக்க ஒரு பெண்ணை விட்டுவிட்டார்களே என்று எனக்கு எல்லார் மேலும் எரிச்சல் வந்தது, வாங்கி வைத்த கேக் மேல்கூட. அவள் பாரத்தை என் பக்கம் தள்ளினாள்.

“பேரு இல்லாத பிள்ளைக்கு அப்புறம் பேரு வாங்கிடலாம். அம்மா இல்லாத பிள்ளைங்களுக்கு எங்க போயி வாங்குறது?”

மணமாகாதவர்

ஆஸ்பத்திரிக்குக் காட்ட மிஸ் ஒரு கடிதம் சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்தேன். ‘மேற்படி பாக்கியம் சட்டப்படி மணமாகாதவர்.’ கழுத்தில் தாலியோடு, எட்டு மாத வயிற்றோடு அவள் எதிரில் உட்கார்ந்திருக்க, அந்த ஒரு வரியில் மூன்று தடவை பிழை விட்டேன். வீட்டில் அவள் எதையும் மறைக்கவில்லை. செல்வத்திடம் நேராகவே சொல்லிவிட்டாள். அவன் அம்மா ஒரு பாட்டம் ஆடித் தீர்த்தார், அவன் பேச்சை நிறுத்திவிட்டான். அதனால் ஆபரேஷனுக்கு முதல் நாள் என் காரில்தான் கூட்டிப் போனேன்.

வார்டில் இருந்த மிஸ்ஸியும் (நர்ஸை அப்படித்தான் கூப்பிடுவோம்) தமிழ்ப் பெண்மணிதான், என் வயது இருக்கும். கடிதத்தைப் படித்தார், கழுத்தைப் பார்த்தார், மறுபடி கடிதத்தைப் படித்தார். “மணமாகாதவங்கன்னு போட்டிருக்கு, தாலி தொங்குதே?” என்று கொஞ்சம் சத்தமாகவே கேட்டார். பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு முகம் சுட்டது, பாக்கியத்துக்குச் சுடவில்லை. மூன்று பிள்ளைகளின் சான்றிதழையும் பையிலிருந்து எடுத்து, தகப்பன் பெயர் இல்லாத இடத்தில் விரல் வைத்துக் காட்டினாள். இளம் டாக்டர் ஒருத்தி வந்து எல்லாவற்றையும் பார்த்தாள். புருஷன் கையெழுத்துக் கோட்டைப் பேனாவால் அடித்துவிட்டுப் பாரத்தைப் பாக்கியம் பக்கம் திருப்பி வைத்தாள். பாக்கியம் ஒவ்வோர் எழுத்தாகப் பெயரை எழுதி முடித்துவிட்டு மிஸ்ஸியைப் பார்த்துச் சொன்னாள்:

“தாலி கோயில்ல கட்டினது மிஸ்ஸி. இது கவர்மெண்ட் பாரம்தானே?”

பதிவு

பிறந்ததும் பெண்தான். செல்வம் முதல் இரண்டு நாள் எட்டிப் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் பிளாஸ்கில் பாலோடு வந்து, கட்டில் ஓரத்தில் நின்றுகொண்டே இருந்தானாம். பிள்ளை அவன் விரலைப் பிடித்துக்கொண்டது என்று பாக்கியம் பிறகு சொன்னாள். அந்த வாரமே அவளோடு போய்ப் பிறப்புப் பதிவில் கையெழுத்துப் போட்டான். நாலாவதின் சான்றிதழில் தகப்பன் பெயர் இருக்கிறது. மூத்தவர்கள் மூவரின் காகிதங்களுக்கு மிஸ் தனியாக அலைந்தார், அதற்கு இன்னும் ஒரு வருஷம் பிடித்தது.

இரண்டு மாதம் கழித்துக் கல்யாணப் பதிவு. சாட்சிக் கையெழுத்துப் போட மிஸ்ஸும் நானும் போயிருந்தோம். மூன்று பெண்களும் தீபாவளிக்கு எடுத்த பாவாடையில் வரிசையாக நின்றார்கள், நாலாவது என் தோளில் தூங்கியது. செல்வம் முதலில் போட்டான். பாக்கியம் போட்டாள். அதிகாரி வாழ்த்துச் சொல்லிவிட்டுக் காகிதத்தை நீட்டினார். பாக்கியம் அதை மடிக்காமல் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, புருஷனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மிஸ்ஸிடம் சொன்னாள்:

“இனிமே எந்தப் பாரத்துல வேணும்னாலும் இவரு கையெழுத்தைக் கேட்கட்டும் மிஸ். எனக்கு வேண்டியதுல நான் போட்டுட்டேன்.”

இருபத்தாறு வருஷம் ஊரில் யாருக்குப் புருஷன் உண்டு, யாருக்கு இல்லை என்று தட்டச்சு செய்து கொடுத்ததில் எனக்கு மிஞ்சியது தீராத முதுகுவலியும், எந்தப் பாரத்தைக் கண்டாலும் முதலில் கையெழுத்துக் கோடுகளை எண்ணிப் பார்க்கிற புத்தியும்தான்.