தாழ்ப்பாள் உள்ள வீடு

என் புகுந்த வீடு ஊரில் இரண்டு கட்டு ஓட்டு வீடு. கொல்லையில் கிணறு, ஏழு தென்னை, ஒரு மாட்டுக் கொட்டில். கடல் கடந்து வந்து குவீன்ஸ்டவுனில் எங்களுக்குக் கிடைத்ததோ ஆறாவது மாடியில் இரண்டே அறை. எது வசதி என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வேன், அந்த இரண்டு அறைதான். சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். பொழுது விடியுமுன் சொம்பைத் தூக்கிக்கொண்டு கருவைக்காட்டுக்குப் போய், ஆள் வருகிறதா என்று பயந்து பயந்து உட்கார்ந்தவர்கள் இல்லை அவர்கள்.

அதற்காகச் சிராங்கூன் ரோட்டைச் சொர்க்கம் என்று சொல்லமாட்டேன். ஐம்பதுகளில் கப்பலேறி வந்ததும் அங்கே ஒரு சந்தில், கடைவீட்டு மாடியில், பலகை அடித்துத் தடுத்த ஓர் அறையில்தான் பத்து வருஷம் இருந்தோம். ஐந்து குடும்பங்களுக்கு ஒரு வாளிக் கக்கூஸ். அதன் கதவைச் சாத்த முடியாது. பக்கத்து அறைச் சீனத்து அம்மாவுக்கு நான் வெளியே காவல், எனக்கு அந்த அம்மா காவல். ஊருக்கே போய்விடலாம் என்று அப்போது நானே அழுதிருக்கிறேன்.

அறுபதுகளில் அடுக்குமாடி வீட்டுச் சாவி கைக்கு வந்தது. முதல் நாள் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாளைப் போட்டேன், எடுத்தேன், மறுபடி போட்டேன்.

"என்ன, உள்ளேயே குடியிருக்கப் போறியா?" என்று என் கணவர் வெளியிலிருந்து கேலி செய்தார். துறைமுகத்தில் கிராணி வேலை அவருக்கு, கணக்கு எழுதுவது. நல்ல மனிதர். ஆனால் அண்ணன் பேச்சுக்கு மறுபேச்சு அறியாதவர்.

இரண்டாம் வருஷம் அந்த அண்ணன் ஊரிலிருந்து வந்தார். சும்மா வரவில்லை. எங்கள் ஒரே மகளுக்குப் பன்னிரண்டு வயது. அவள் பெரியவளாகுமுன் அவளையும் என்னையும் ஊருக்குக் கூட்டிப்போக வந்திருந்தார். தம்பி மட்டும் இங்கே இருந்து சம்பாதித்து அனுப்பினால் போதுமாம். அந்தக் காலத்தில் எத்தனையோ குடும்பங்கள் அப்படித்தான் பிழைத்தன. ஊருக்குப் போனால் என் மகளின் படிப்பு அதோடு சரி. ஐந்தாம் வகுப்பில் முதலாவதாக வந்த என் படிப்பும் அப்படித்தான் நின்றது.

கணவரின் அண்ணனான மூத்தார் முன்னால் நின்று பேசுவது எங்கள் பக்கத்து வழக்கமில்லை. அவர் கூடத்தில் பேசுவார், நான் அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்பேன்.

"இதெல்லாம் ஒரு வீடா? தலைக்கு மேல ஒருத்தன் நடக்குறான், காலுக்குக் கீழ ஒருத்தன் சமைக்கிறான். கொல்லை கிடையாது. பொண்ணு பெரியவளானா எங்க ஒதுக்கி வைப்பீங்க? கப்பலுக்குச் சொல்லியாச்சு, ரெண்டு பேரையும் அனுப்பி வை."

என் கணவர் தலையை ஆட்டினார்.

மறுநாள் மத்தியானம் மீன் குழம்பும் காங்கோங் கீரையும் வைத்திருந்தேன். மூத்தார் இரண்டாம் தடவை குழம்பு கேட்டு வாங்கிப் பிசைந்தார். "என்ன இருந்தாலும் நம்மூர்க் கைப்பக்குவம் போகல" என்றார். அதற்குமேல் என்னால் கதவுக்குப் பின்னால் நிற்க முடியவில்லை. வெளியே வந்து அவருக்கு நேராக நின்றேன்.

"பெரியத்தான், எனக்கு இன்னிக்கு மூணாம் நாள். முந்தாநாள்லேருந்து நீங்க சாப்பிட்டதெல்லாம் நான் ஆக்குனதுதான்."

பிசைந்த கை அப்படியே நின்றது. கப்பலேறி வந்த நாளிலிருந்து இப்படித்தான் சாப்பிடுகிறோம் என்று என் கணவருக்குத் தெரியும். பலகை அறையில் எங்கே ஒதுங்குவது? ஆனாலும் அண்ணன் எதிரில் அவர் முகம் செத்துப்போனது.

"கல்யாணமாகி எட்டு மாசம் உங்க வீட்ல இருந்தேன். மாசா மாசம் மூணு நாள் மாட்டுக் கொட்டில்ல, சாக்கு மேல. எட்டி நின்னு போட்ட சோத்தைத் தின்னேன். ஏழு தென்னை இருந்து எனக்கு என்ன? என் பொண்ணு அந்தச் சோத்தைத் தின்னமாட்டா. நாங்க வரல. வேணும்னா அண்ணன் தம்பி ரெண்டு பேருமாக் கப்பலேறுங்க."

சொல்லி முடித்தும் கதவுக்குப் பின்னால் திரும்பிப் போகவில்லை.

மூத்தார் தட்டிலேயே கை கழுவினார். மிச்ச நாளெல்லாம் சிராங்கூன் ரோட்டுச் சாப்பாட்டுக் கடையில் சாப்பிட்டு, தனியாகவே கப்பலேறினார். என் கணவர் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. பேசாவிட்டால் போகட்டும் என்று நானும் இருந்தேன். சோற்றை மட்டும் ஒரு வேளைகூட வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை.

அடுத்த வருஷம் மகள் பெரியவளானாள். மறுநாள் அவளுக்குப் பரீட்சை. பரீட்சையன்று காலையில் அவள் காலில் போடும் பள்ளிச் சப்பாத்துக்கு வெள்ளை பூசிக் காயவைத்தவர் என் கணவர்தான். ஊருக்குத் தகவல் எழுதியவரும் அவரே. "பெண்ணை எங்கே ஒதுக்கி வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டு மூத்தாரிடமிருந்து கடிதம் வந்தது.

என் கணவர் படித்துவிட்டு அதை என்னிடம் நீட்டினார். என் ஐந்தாம் வகுப்புக் கையெழுத்தில் நானே பதில் எழுதினேன்: "பள்ளிக்கூடத்தில்."