பாதியில் கிழியும் தோட்டாக் கூடுகள்

வழியில் வண்டி நின்றுபோனால் தள்ளிக்கொண்டாவது வந்துவிடலாம். துப்பாக்கி மக்கர் பண்ணுவதோ எதிரே பன்றி நிற்கும்போதுதான். ரிப்பேர் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும், பொருள் கெட்டால் திட்டு நமக்கு. எண்பதுகளின் கடைசியிலிருந்து பத்து வருஷம் விருத்தாசலத்தில் ஒரு லைசென்ஸ் பெற்ற துப்பாக்கிக் கடையில் மெக்கானிக்காக இருந்து நானும் நிறையத் திட்டு வாங்கியவன்.

வெள்ளைத் தூள்

பீங்கான் பட்டறை முதலாளி கோதண்டம், எங்கள் மாவட்டத்து மங்களூர்ப் பக்கம் வேர்க்கடலை போட்டிருந்த தன் மல்லாட்டைக் கொல்லைக்குப் பன்றிக் காவலாக ஒரு பழைய செமி ஆட்டோமேட்டிக் துப்பாக்கி வாங்கினார். சுட்டதும் காலிக் கூட்டைத் தானே வெளியே தள்ளி அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் ரகம். சல்லிசாகக் கிடைத்தது என்பதுதான் அதன் பெருமை.

மூன்றாம் மாதமே கூடு பாதி வெளியே வந்து சிக்கிக்கொள்கிறது என்று கொண்டுவந்தார். திறந்தால் உள்ளே பவுடர் போட்டதுபோல் களிமண் தூசி. பட்டறையில் வைக்காதீங்க என்றேன். அவர் தும்பைப்பூவாய் வெளுத்திருந்த தன் சட்டையைத் தட்டிக் காட்டினார்.

"வூட்டுக்குள்ளயும் இதே தூசிதான் தம்பி. தூசி இல்லாத ஊருக்கு நான் எங்க போறது?"

பச்சை பிடித்த பெல்ட்டு

பேங்க் காவலாளி ஒருவர் இடுப்பு பெல்ட்டோடு வந்தார். அதில் வரிசையாகச் செருகியிருந்த தோட்டாக்கள் வியர்வை பட்டு, பித்தளை பச்சை பிடித்து, அட்டை உப்பிப்போயிருந்தன. பன்னிரண்டையும் சோதித்தேன். ஒன்றுகூடக் குழலுக்குள் நுழையவில்லை.

அவர் பெல்ட்டைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டார்.

"இத்தினி வருஷமா எவனும் கொள்ளையடிக்க வரல சார். வந்திருந்தா அவன் முன்னாடி நான் எப்படி நின்னிருப்பேன்?"

மீதி எங்கே?

ஒருநாள் முற்பகல் கோதண்டம் மறுபடி வந்தார். துப்பாக்கி இல்லை. மூன்று காலிக் கூடுகளை மேசைமேல் போட்டார்.

"எல்லாம் நல்லாத்தான் வெடிச்சுது. கூடுதான் கிழிஞ்சி வருது. கோளாறு துப்பாக்கியிலயா, தோட்டாவுலயா?"

இரண்டு, ஓரம் கிழிந்தவை. மூன்றாவது மற்றவற்றைவிடக் கட்டைவிரல் அகலம் குட்டையாக இருந்தது.

"இதோட மீதி எங்கங்க?"

"அதான் கடைசியா சுட்டது. எங்கனா கீழ வுழுந்திருக்கும்."

"துப்பாக்கி?"

"கொல்லையில. மச்சான் ராசு கையில. அவன் பேரும் லைசென்சுல இருக்குது."

கிழிந்த துண்டு குழலுக்குள் அடைத்திருந்தால் அடுத்த வெடி அவன் கையிலேயே குழலைப் பிளக்கும் என்றேன். அவர் ஜீப்புக்கு நடந்தார். கொல்லையில் போன் கிடையாது. நானும் ஏறிக்கொள்ள, மங்களூர் போய்ச் சேர்ந்தோம்.

வரப்பில் இருவரும் கத்திக்கொண்டே ஓடினோம். எங்களைப் பன்றி துரத்துகிறது என்று நினைத்த ராசு துப்பாக்கியைத் தூக்கினான். "சுடாதடா! கீழ போடுடா!" என்ற கோதண்டத்தின் குரல் உடைந்துவிட்டது. ராசு குழப்பத்தோடு இறக்கினான்.

நான் வாங்கித் தோட்டாக்களை எடுத்துவிட்டு, குழலுக்குள் கம்பியை விட்டுக் குத்தினேன். கூட்டின் மீதித் துண்டு, சிவப்பு பிளாஸ்டிக் வளையமாக மண்ணில் விழுந்தது. கோதண்டம் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். ராசு வழக்கமாகக் குழலைத் தாங்கிப் பிடிக்கும் தன் இடது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"காலையில ஒரு பன்னி வந்துச்சி மாமா. தூரமா இருக்குதேன்னு சுடாம வுட்டுட்டேன். இவ்ளோ நேரம் அதுக்காக என்னையே திட்டிக்கிட்டு இருந்தேன்."

செமி ஆட்டோமேட்டிக் என்று ஏன் பெயர் வைத்தார்கள் என்பது எனக்கு அன்றுதான் விளங்கியது: பாதி வேலையை அது செய்கிறது, மீதிப் பாதிக்கு ரிப்பேர்காரன் ஓடுகிறான்.