மைத்துனர் அனுப்பாத வாணவேடிக்கை

தொண்ணூறுகளின் கடைசியில், மந்தைவெளி வீட்டுப் படுக்கையறையில் எங்களுக்கு ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. ஒரு பதிப்பகத்துக்காக அதில் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். நான் எழுந்தால் மாமனார் உட்கார்ந்துவிடுவார். அமெரிக்காவிலிருக்கும் இளைய மகனோடு, அதாவது என் மைத்துனரோடு, அவருக்கு மெயில் போக்குவரத்து உண்டு.

ஒரு நாள் மகனிடமிருந்து வந்த மெயிலோடு ஒரு கோப்பும் ஒட்டிக்கொண்டு வந்தது. மாமனார் யோசிக்கவே இல்லை. இறக்கினார், திறந்தார். கறுப்புத் திரையில் வாணவேடிக்கை! மாமியாரைக் கூப்பிட்டுத் திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டினார்.

அதற்கப்புறம் நான் யாருக்கு மெயில் அனுப்பினாலும், பின்னாலேயே அந்தக் கோப்பும் தானாகப் போய்ச் சேர்ந்தது. "அத்தியாயம் கேட்டா பட்டாசு அனுப்பறீங்களேம்மா" என்று பதிப்பாசிரியர் போனில் கேட்டார். எனக்கு மானமே போயிற்று.

"அது வைரஸ், மாமா."

"என் பிள்ளை எனக்கு வைரஸ் அனுப்புவானா?" கோபித்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். சமாதானம் சொல்லக் கணவரும் ஊரில் இல்லை.

மறுநாள் காலை மைத்துனரே போன் செய்தார். அவர் எதையும் அனுப்பவில்லையாம். அவருக்கும் யாரிடமிருந்தோ வந்து தொற்றியதாம். எப்படி நீக்குவதென்று சொல்கிறேன் என்றார். போன் கூடத்தில், கம்ப்யூட்டர் உள்ளே. நடுவில் நின்று மாமனார் கத்தினார்.

"ஏதோ கோப்பை அழிக்கணுமாம்!"

"எந்தக் கோப்பு?"

"அங்க ஒரே பனியாம். வெளியிலயே போக முடியலையாம்!"

"மாமா, கோப்போட பேரைக் கேளுங்கோ!"

"கேட்டுண்டுதானே இருக்கேன். முதல் எழுத்து பி."

"பி-யா, டி-யா?"

"ஏதோ ஒண்ணு. ரெண்டும் ஒரே மாதிரிதானே கேக்கறது?"

தப்பான கோப்பை அழித்தால் கம்ப்யூட்டரே எழுந்திருக்காது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஓடிப்போய் ரிசீவரைப் பிடுங்காத குறையாக வாங்கி, பெயரை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு வந்தேன். அழித்தேன். எனக்கே ஒரு மெயில் அனுப்பிப் பார்த்தேன். அது மட்டும், தனியாக வந்தது. அப்பாடா என்று சாய்ந்தேன்.

மாமனார் வாசற்படியில் நின்றார். "அழிச்சுட்டியா?"

"ஆச்சு மாமா."

"போறது. அந்த வாணவேடிக்கையை ஃபிளாப்பியில ஒண்ணு எடுத்து அடையாறு சிநேகிதருக்குக் குடுத்திருக்கேன். அவா ஆத்துல பிரமாதமா ஓடறதாம்."

செருப்பை மாட்டிக்கொண்டு அடையாறு பஸ் பிடிக்க பஸ் ஸ்டாப்புக்கு நடந்தேன்.

சிநேகிதர் மலர்ந்த முகத்தோடு கதவைத் திறந்தார். "வாம்மா! உங்க மைத்துனர் அனுப்பினதைத்தான் எல்லாரும் பார்த்துண்டிருக்கோம்" என்றார். அவர் மனைவி கொடுத்த காபியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, அவர்கள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து முதலிலிருந்து ஆரம்பித்தேன்.