தலைவரின் இடது காது

பதினோரு வருடம் அக்கா புருஷனின் ஸ்டூடியோவில் படம் திருத்தியவள் அவள். தடித்த கண்ணாடி போட்டிருந்ததால் எல்லோருக்கும் அவள் சோடாபுட்டி. கேமராவில் பதிந்தபடியே இருக்கும் ரா ஃபைலைத் திறந்து, வெளிச்சம் தனி, நிழல் தனி, தோலின் நிறம் தனி என்று ஒவ்வொன்றையும் மயிரிழை அளவாக நகர்த்துவாள். ஒரு மணப்பெண்ணின் முகத்துக்கு முக்கால் மணி நேரம் பிடிக்கும். தோல் பொம்மை மாதிரி ஆகாது. மச்சம் மச்சமாகவே இருக்கும்.

அந்த முக்கால் மணி நேரம் அத்தானின் கண்ணை உறுத்தியது. புது சாஃப்ட்வேர் ஒன்று வாங்கினார். ஒரே பட்டன். முகம் பளிச், பின்னணி காலி. கடை நிறைய ஆட்கள் இருக்கும்போதே சொன்னார்:

"பாத்துக்குங்க, ஒரு தட்டு, முடிஞ்சுது. இத்தனை வருஷமா இதைத்தான் இவ உருட்டிக்கிட்டு இருந்தா. நாளையிலேர்ந்து நீ வரவேணாம்மா."

யாரோ சிரித்தார்கள். வேலை போனதை ஒரே மாதத்தில் மறந்தாள். அந்தச் சிரிப்பைத்தான் மென்று விழுங்க முடியவில்லை.

ஸ்டூடியோக்காரர்கள் பெரிய படம் அச்சடிக்க வரும் லேப்பில் அவளுக்கு வேலை கிடைத்தது. இரண்டு வருடம் கழித்து அத்தானே அங்கு ஃபைலாக வந்து சேர்ந்தார். புகைப்படக்காரர் சங்கத்துக்குத் தலைவராகியிருந்தார். மண்டபத்தில் மாட்ட ஆறடிப் படம். அதே பட்டனால் முடித்தது. திரையில் பெரிதாக்கினாள். பின்னணியை அழித்த பட்டன், இடது காதையும் திரைச்சீலை என்று எண்ணி வழித்து எடுத்திருந்தது. போனில் பார்த்தால் தெரியாது. ஆறடியில் ஊருக்கே தெரியும்.

போன் செய்தாள். "அத்தான், படத்துல ஏதாச்சும் கை வைக்கணுமா?"

"நீயா? நீ கை வச்சா அடுத்த வருஷம்தான் வரும். எதையும் தொடாம அப்படியே அடி."

"அதை மெசேஜா அனுப்பிடுங்க."

அனுப்பினார். 'காது' என்ற சொல் தொண்டை வரை வந்தது. விழுங்கிக்கொண்டாள்.

படத் திறப்பு விழாவில் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தாள். துணி விலகியது. கேமரா பிடித்துப் பழகிய இருநூறு கண்கள். முதலில் மூன்றாம் வரிசையில் ஒருவர் தன் இடது காதைத் தடவிப் பார்த்தார். அப்புறம் பக்கத்திலிருந்தவர். பிறகு மண்டபமே குலுங்கியது. அந்தச் சிரிப்பை அவள் ஒரு சொட்டு சிந்தாமல் குடித்தாள்.

மறுநாள் லேப்புக்கு வந்து குதித்த அத்தானிடம் முதலாளி மெசேஜைக் காட்டினார். அடுத்து அக்கா அவள் வீட்டுக்கு வந்தாள்.

"காது இல்லைன்னு உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்க்கா."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"அன்னிக்குக் கடையில நீயும்தான் நின்னுக்கிட்டிருந்தே. நீ சொன்னியா?"

அக்கா தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டாள். பேச்சு நின்று எட்டு மாதமாகிறது. ஸ்டூடியோவில் படம் திருத்த இப்போது இரண்டு பேர் இருக்கிறார்களாம். அக்கா பேசாதது அவளுக்கு வலிக்கிறது. இருந்தாலும், அந்த ஃபைல் இன்னொரு முறை வந்தாலும் அப்படியேதான் அடிப்பேன் என்கிறாள்.