தூர்த்த குளத்தின் மேல் ஒரு வீடு

நயா பைசா வந்த புதிதில், ஒரு புரட்டாசியில், பெருமாட்டிக்குப் போனேன். ஊர் பார்க்க அல்ல. அங்கே வாழ்க்கைப்பட்ட என் தங்கை வள்ளி நிறைமாதம். எங்களுக்குத் தாய் இல்லாததால் பிரசவம் புகுந்த வீட்டில்தான் என்று பேச்சு. திடீரென்று ஆள் மூலம் சொல்லியனுப்பினாள்: "அக்கா, வந்து கூட்டிப் போ. இனி இங்கே திரும்ப மாட்டேன்."

பொள்ளாச்சியில் காலை ரயில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் மீனாட்சிபுரம். அங்கிருந்து மாட்டு வண்டி, இரண்டு மைல். வழியெல்லாம் தென்னந்தோப்புதான், ஆனாலும் வெயில் மண்டையைப் பிளக்கும்.

வண்டிக்காரர் பேச்சுக்காரர். "போன வாரம் பூமி குலுங்குச்சாமுங்க அம்முணி. எங்க ஊடு அங்கிருந்து அரை மைலு, பாறை மேட்டுல. சட்டிகூட அசையலீங்க."

வள்ளியின் வீட்டில் இறங்கினேன். கல்லும் சுண்ணாம்புமாகக் கட்டிய புது வீடு. சுவரில் மேலிருந்து கீழ்வரை விரிசல், பாதி ஓடு தரையில். அரை மைலுக்குள் பூமிக்கு இரண்டு மனசா?

வள்ளி துணி மூட்டையைக் கட்டி வைத்திருந்தாள். குலுங்கிய அன்று மாமியார் ராமாத்தாள், "எந்த நேரத்துல காலெடுத்து வெச்சாளோ!" என்று சொல்லிவிட்டாராம். சொல்லும்போதே அழுதாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. மறுநாள் காலை வண்டி என்று முடிவு செய்தேன்.

மத்தியானம் தரையில் பாய் போட்டுப் படுத்தேன். பக்கத்து அறையில் ராமாத்தாள் நெல் குத்தினார். ஒவ்வொரு குத்துக்கும் தரை என் காதில் அதிர்ந்தது. தலைமாட்டுச் சொம்பில் தண்ணீர் நெளிந்தது. சாயங்காலம் களத்தில் உரலைப் போட்டு மிச்சத்தைக் குத்தினார். அது பாறைக் களம். சொம்பை அங்கேயும் கொண்டுபோய் வைத்தேன். தண்ணீர் அசையவில்லை. களத்தை ஒட்டிய மாட்டுக்கொட்டகையைப் பார்த்தேன். வெறும் மண்சுவர், ஒரு கீறல்கூட இல்லை.

"அத்தை, வீட்டுக்கு அடியில் முன்னே என்ன இருந்தது?"

"கொளம் கண்ணு. மண்ணக் கொட்டித் தூத்து நெரவினோம். நல்ல வயலை ஊட்டுக்கு ஆராச்சும் உடுவாங்களா? பாறை களத்துக்கும் மாட்டுக்கும் ஆச்சு."

குடியானவர் கணக்கு! தட்டைத் தட்டினால் தட்டு சும்மா இருக்கும், மேலே இருக்கும் தயிர்தான் ஆடும். தூர்த்த மண்ணும் அப்படித்தான் என்று சொல்லி, சொம்பை இரண்டு இடத்திலும் வைத்துக் காட்டினேன். ராமாத்தாள் உலக்கையைச் சாத்தினார்.

பிறகு மாடுகளை அவிழ்த்துத் தென்னையில் கட்டினார். கொட்டகையைக் கூட்டி, சாணம் மெழுகி, வள்ளியின் கட்டிலைத் தாமே இழுத்துக்கொண்டுபோய்ப் போட்டார். ஊர் சிரிக்கும் என்று அவர் மகன், வள்ளியின் கணவர், முணுமுணுத்தார். "சிரிக்கட்டும்" என்றார் ராமாத்தாள்.

அந்தப் பக்கம் வீடு கட்டப் போகிறவர்களுக்கும் பெண் கொடுக்கப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: சுவரின் கனத்தைப் பார்க்குமுன் அடியில் இருப்பது பாறையா, தூர்த்த மண்ணா என்று விசாரியுங்கள். ரயிலுக்குக் குடிதண்ணீர் எடுத்துப் போங்கள்.

மறுநாள் வண்டி வந்து நின்றது. மூட்டையோடு நின்ற வள்ளியின் கையை ராமாத்தாள் பிடித்துக்கொண்டார். "குத்தம் கொளத்து மேல கண்ணு. உன்ற மேல போட்டுட்டேன். உன்ற கொழந்தைய என் கையில வாங்கோணும், போகாதே."

வள்ளி என்னைப் பார்த்தாள். நான் மட்டும் வண்டியில் ஏறினேன்.