பறிக்காமல் விட்ட திராட்சை

இத்தாலியில், மொன்ஃபெர்ராத்தோ மலைச்சரிவில் எவாசியோவுக்கு இருப்பது இரண்டே துண்டு திராட்சைத் தோட்டம். வருஷத்துக்கு ஒரே வெள்ளாமை. வீடு நடப்பது அதை நம்பித்தான். கைச்செலவுக்காக, பக்கத்து தூரின் நகரத்தில் காலேஜ் படிக்கும் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு ஒயின் ருசி பார்க்கவும் சொல்லிக்கொடுப்பார். கோப்பையைச் சுழற்று, மோந்து பார், நாக்கில் உருட்டு என்று அவர் அபிநயம் பிடிப்பதைப் பார்த்தால் நமக்குச் சிரிப்பு வரும். பிள்ளைகளுக்கோ அவரை ரொம்பப் பிடிக்கும்.

இந்த முறை பிள்ளைகளைக் கூட்டிவரும் லுக்கில்லா டீச்சர் முன்கூட்டியே போன் போட்டாள். "கொடியில பழம் தொங்குறத பசங்க பார்க்கணுமாம். சனிக்கிழமை வரைக்கும் பறிக்காம வைங்களேன்."

வியாழக்கிழமையே பறித்திருக்க வேண்டியது. மனைவி பியேரா தலையில் அடித்துக்கொண்டாள். "பழம் பழுத்து நிக்குது. நீ அவங்க போட்டோவுக்குக் காத்துக்கிட்டிரு!"

"ரெண்டு நாள்ல என்ன ஆயிடப்போகுது?" என்றார் எவாசியோ. பாழாய்ப்போன தாட்சண்யம், வேறென்ன!

சனிக்கிழமை, வீட்டுக்கு வந்த பிள்ளைகளுக்காக இரண்டாவது பாட்டிலைத் திறக்கும்போது வானம் இருண்டது. ஓட்டின்மேல் முதலில் ஒன்றிரண்டு, அப்புறம் மூட்டையை அவிழ்த்துக் கொட்டியது மாதிரி ஆலங்கட்டி. பிள்ளைகள் 'ஹோ'வென்று கத்திக்கொண்டு ஜன்னலுக்கு ஓடி செல்போனில் படம் பிடித்தார்கள். பியேரா, குருத்தோலை ஞாயிறன்று சாமியார் மந்திரித்துக் கொடுத்த ஆலிவ் கிளையை அடுப்பில் போட்டு எரித்தாள். புகை வந்தது, ஆலங்கட்டி நிற்கவில்லை.

எவாசியோ என்னதான் செய்வார்? ஓடிப்போய்க் கொடிக்குக் குடை பிடிக்கவா முடியும்? பாட்டிலும் கையுமாக நின்றார்.

"சார், இதுல செர்ரி வாசம் வருமா?" என்று ஒரு பையன் கேட்டான்.

"வரும்பா, நல்லா மோந்து பாரு." சொல்லிக்கொண்டே அவன் கோப்பையில் இன்னும் கொஞ்சம் ஊற்றினார்.

ஒருவழியாக ஓய்ந்தது. டீச்சர் முகம் வெளிறிப்போயிருந்தது. "என்னாலதானே எவாசியோ..."

"விடுங்க டீச்சர். பசங்க தோட்டம் பார்க்கணும்ல, வாங்க."

கொடிகளில் இலைகூட மிஞ்சவில்லை. தரையெல்லாம் பனிக்கட்டியும் சிவப்புச் சேறும். பிள்ளைகள் யாரும் செல்போனை எடுக்கவில்லை. ஒரு பெண் மட்டும் குனிந்து, பாதி நசுங்கிய குலையிலிருந்து ஒரு பழத்தைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டாள்.

"ஐயோ, எவ்ளோ இனிப்பு!"

"ஆமாம்மா," என்றார் எவாசியோ. "வியாழக்கிழமையே பழுத்துடுச்சு."