ஆரியா, ஆபீஸ்

ஜெரால்டு போய்விட்டான் என்று செவ்வாய்க்கிழமை காலையில் அவன் மனைவி ரீட்டா போன் செய்தாள். மாரடைப்பு. "விளையாடாதம்மா" என்று சொல்லிவிட்டேன். அதை நினைத்தால் இன்னும் வெட்கமாக இருக்கிறது. எங்கள் 'துரு' மெட்டல் இசைக்குழுவின் சத்தத்தில் காது அடைத்துப்போன உங்களுக்கெல்லாம் அவனைத் தெரியும். டிரம்ஸுக்குப் பின்னால் பனியனோடு உட்கார்ந்திருப்பவன். பகலில் துறைமுகத்தில் கிரேனுக்குச் சைகை காட்டுபவன். அடுத்த மாதம் பெங்களூரில் கச்சேரி. அவனில்லாமல் என்ன குழு, கலைத்துவிடலாம் என்று போனை வைத்தபோதே முடிவு செய்தேன்.

துறைமுகத்தில் சுமையை இறக்க 'ஆரியா' என்பார்கள், தூக்க 'ஆபீஸ்'. எந்தக் காலத்துக் கப்பல்காரன் விட்டுப்போன சொற்களோ. முதல் ஒத்திகையில் ஜெரால்டு "ஆபீஸ்" என்று கத்தியதும், சுங்க ஏஜென்ட்டிடம் குமாஸ்தாவாக இருந்த நான், ஆபீஸிலிருந்துதான் அழைப்பு என்று கிடாரை வைத்துவிட்டுப் போனைத் தேடினேன். அவன் குச்சிகளைப் போட்டுவிட்டுச் சிரித்தான். அன்றிலிருந்து எங்களுக்கு வேகமெடுக்க ஆபீஸ், வேகத்தைக் குறைத்துக் கனமாக அடிக்க ஆரியா.

வேம்பாரில் ஒரு திருவிழாவில் இரண்டாம் பாட்டிலேயே மைக்கைப் பிடுங்கினார்கள். இனி யார் கூப்பிடுவார்கள் என்று தலையில் கைவைத்தேன். "ஏலே, நாலு பேரு தலைய ஆட்டுனானுவ, பாத்தியா? அவனுவளுக்கு வாசிப்போம்" என்றான். இருபது வருடம் வாசித்தோம். மூன்று ஆல்பம். இரண்டு பாஸ் கிடார்காரர்கள் வளைகுடாவுக்குப் போய்விட்டார்கள். நடுவில் கல்யாண வீட்டு மெல்லிசைக்கு அழைப்பு வந்தபோது நான் ஆசைப்பட்டேன், உண்மையைச் சொல்கிறேன். ஒரு வாரம் அவன் என்னோடு பேசவில்லை.

கல்லறையில் பெட்டியைக் கயிற்றில் இறக்கும்போது ஒரு பக்கம் சாய்ந்தது. என்னையறியாமல் "ஆரியா... மெல்ல ஆரியா" என்றேன். கயிறு பிடித்தவர்கள் துறைமுகத்து ஆட்கள். பெட்டி நேராகி, அலுங்காமல் இறங்கியது. பங்குச் சாமியார் என்னைத் திரும்பிப் பார்த்தார். அதற்குப் பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

ஏழாம் நாள் பூசை முடிந்ததும், குழுவைக் கலைக்கப்போவதை ரீட்டாவிடம் சொன்னேன். அவள் உள்ளே போய் அவனுடைய குச்சிகளைக் கொண்டுவந்து என் கையில் வைத்தாள்.

"அங்கன ஆரியா சொன்னீயள்லா அண்ணே, அவர இறக்கியாச்சு. இனி ஆபீஸ் சொல்லுங்க."

பெங்களூருக்குப் போகிறோம். அவனிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இந்த இரண்டு சொற்களைத்தான். குச்சிகளைப் புதுக்கோட்டையில் வங்கி வேலை பார்க்கும் ஒரு பெண்ணிடம் கொடுத்திருக்கிறேன். பேய் மாதிரி அடிக்கிறாள். நேற்று அவளுக்கு முதல் ஒத்திகை. நான் "ஆபீஸ்" என்று கத்தினேன்.

அவள் அடிப்பதை நிறுத்திவிட்டுப் போனை எடுத்துப் பார்த்தாள்.